பரபக்கம்

டாக்டர் கிருபாவதி பேச எழுந்ததிலிருந்தே சொர்ணலதாவுக்குக் கால் விரல்கள் குளிர்ந்துகொண்டு வந்தன. இந்த ஏசியை யார்தான் இப்படி வைக்கிறார்களோ, வெளியே பாளையங்கோட்டை வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே வந்தால் பல் கிடுகிடுக்கிறது, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினால் வயசாகிவிட்டது என்பார்கள், போர்த்தாவிட்டால் தும்மல் வரும், தும்மினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பார்த்தால் முகத்தில் இருப்பது தெரிந்துபோகும். தெரியட்டுமே. தெரியத்தானே போகிறது. இன்றைக்கு வாயைத் திறந்து சொல்லிவிடுவது என்று காலையில் பல் விளக்கும்போதே முடிவு கட்டியாயிற்று, குளிக்கும்போது அந்த முடிவு கொஞ்சம் ஆடியது, இட்லி சாப்பிடும்போது மறுபடி நின்றது, ஆட்டோவில் மகள் சங்கரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் மொத்தமாகச் சாய்ந்துபோயிற்று. மருத்துவமனைப் படியேறும்போது அதைத் தூக்கி நிறுத்தி, இதோ இந்த நாற்காலி வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். இன்னும் எவ்வளவு நேரம் நிற்குமோ, சவத்தைப் பிடித்த முடிவு.

இந்த மருத்துவமனையில் மனுசர்கள்மேல் எந்த மருந்தைச் சோதித்துப் பார்ப்பதானாலும் முதலில் நெறிமுறைக் குழு கூடிச் சரி சொல்ல வேண்டும். குழு என்றால் டாக்டர்கள் மட்டும் போதாது, ஒரு வக்கீல் வேண்டும், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத பொதுஜனம் ஒருத்தர் வேண்டும், அப்புறம் தத்துவமோ சமூகமோ படித்த ஒரு ஆள் வேண்டும். அந்தக் கடைசி ஆள்தான் மகளிர் கல்லூரியில் தத்துவம் நடத்துகிற சொர்ணலதா. அவள் வராவிட்டால் கூட்டம் செல்லாது. அதனாலேயே முந்தின நாள் செயலாளர் போன் பண்ணுவார், மேடம் வந்திருவீங்கள்லா, கார் அனுப்பட்டுமா என்று குழைவார். வந்து உட்கார்ந்ததோடு சரி, பிறகு அவள் இருப்பது ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு தலைவர் இந்தப் பக்கம் திரும்பி, மேடம் உங்க பக்கம் என்று ஒரு கேள்வி கேட்பார். சாம்பாரை இறக்கி வைத்தபின் மேலே கொத்தமல்லி கிள்ளிப் போடுகிற மாதிரி. இவளும் சரிதான் சார் என்பாள். இதுவரை வந்த விஷயங்களும் அப்படி ஒன்றும் தலைபோகிற விஷயங்கள் இல்லை, சர்க்கரை நோய்க்காரர்கள் எத்தனை பேர் செருப்புப் போட்டு நடக்கிறார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கண்ணில் என்ன பவர், இப்படி. அதற்கு என்ன தத்துவம் வேண்டிக்கிடக்கிறது. இன்றைக்கு வந்திருப்பது அப்படியில்லை.

கிருபாவதி டாக்டர் திரையில் படம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பிரசவத்தில் பிள்ளை பிறந்தபின் ரத்தம் நிற்காமல் போகும் பெண்களுக்கு இரண்டு மருந்து. ஒன்று பழசு, நன்றாகத்தான் கேட்கிறது, ஆனால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், கரண்ட் போனால் கெட்டுப்போகும். இன்னொன்று புதுசு, குளிர் வேண்டாம், ஒரு டப்பாவில் போட்டு மலைமேல் இருக்கிற ஊருக்குக்கூடக் கொண்டுபோகலாம். பழசு அளவுக்குப் புதுசு கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருத்திக்கு இது, அடுத்தவளுக்கு அது. சம்மதம் யாரிடம் வாங்குவது என்று வந்தபோது டாக்டர் அந்தப் படத்தைச் சட்டென்று தள்ளிவிட்டார், ஆனால் சொர்ணலதா அதை வீட்டிலேயே படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வலியில் இருக்கிறவளிடம் கேட்க முடியாது என்பதால் கணவரிடம் கேட்கலாம், அவர் இல்லையென்றால் உடன் வந்திருக்கும் பெரியவரிடம் கேட்கலாம். உடன் வந்திருக்கும் பெரியவர். முந்தாநாள் மத்தியானம் அந்த வரியைப் படித்தபோது சொர்ணலதா சோற்றுக் கையோடு அதையே இன்னொரு தடவை படித்தாள். வளைகாப்பு முடிந்து சங்கரியைப் பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது, மருமகன் துபாயில் இருக்கிறார், மாமியார்க்காரி கோவில்பட்டியில். உடன் வந்திருக்கும் பெரியவர் என்றால் வேறு யார், நான்தான். பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், நர்ஸ் ஓடிவந்து இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா என்பாள், என்ன ஏதென்று பார்க்காமல் போடுவேன், கையெழுத்துப் போடாவிட்டால் உள்ளே என் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று போடுவேன். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் போடுவார்கள். தத்துவம் படித்த அம்மா, படிக்காத அம்மா என்றெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்தபின் ஒரு வித்தியாசமும் கிடையாது.

சங்கரி இப்போது கீழே வரிசையில் உட்கார்ந்திருப்பாள். கால் வீங்கியிருக்கிறது, செருப்பு நுழையவில்லை, அப்பாவுடைய பழைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், கையில் கண்ணாடி வளையல் குலுங்கக் குலுங்க. கூட்டம் முடிந்ததும் கிருபாவதி டாக்டர்தான் போய் அவளைப் பார்க்கப் போகிறார். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, பிரசவத்தில் ரத்தம் அதிகம் போகலாம் என்று போன மாதம் ஸ்கேன் பார்த்துச் சொன்னவரும் அவர்தான். ஒன்றும் பயப்படாதீங்க மேடம், நான் இருக்கேம்லா என்று தோளைத் தட்டினார். அந்தக் கை பெரிய கை, விரல்கள் கட்டை கட்டையாக, நகம் ஒட்ட வெட்டி, எத்தனை ஆயிரம் பிள்ளைகளை வெளியே எடுத்த கையோ. இந்த ஊரில் நஞ்சு இறங்கின கேஸ் என்றால் எல்லோரும் அவரிடம்தான் ஓடுவார்கள், அந்தக் கையை நம்பி. அந்தக் கைக்காரியிடம் போய், உங்கள் ஆராய்ச்சி சரியில்லை என்று பத்துப் பேர் முன்னால் சொல்வதா. சொன்னால் என்ன செய்துவிடுவார். ஒன்றும் செய்யமாட்டார், கிருபாவதி அப்படிப்பட்டவர் இல்லை, பெரிய மனுஷி. ஆனால் பயத்துக்கு ஆள் தரம் பார்க்கத் தெரியுமா. ராத்திரி போன் அடிக்கும்போது எடுக்க ஒரு நிமிஷம் தாமதித்தால்? வேண்டுமென்று இல்லை, அந்தப் பெயரைப் பார்த்ததும் உள்ளே ஒரு சின்னக் கசப்பு வந்து, அந்தக் கசப்பு ஒரு நிமிஷம் கையைப் பிடித்து நிறுத்தினால்? ஒரு நிமிஷத்தில் எவ்வளவு ரத்தம் போகும் என்று சற்றுமுன் அவரேதான் திரையில் காட்டினார். சொல்லவேண்டாம். பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் ஆயுசு முழுக்க நேர்மையாக இருந்துகொள்ளலாம். அப்புறம் எதற்கு நேர்மை, மியூசியத்தில் வைக்கவா.

தத்துவம் படிச்சு என்னம்மா பண்ணப்போற என்று அப்பா கேட்டார். அவர் மட்டுமா கேட்டார், பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள், ரேஷன் கடையில் கேட்டார்கள், இன்றைக்கும் முதல் வருஷத்துப் பிள்ளைகள் வேறு எந்தப் பாடத்திலும் இடம் கிடைக்காமல் வந்து உட்கார்ந்துகொண்டு முகத்தைத் தொங்கப்போட்டுக் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் செல்லப்பா மின்வாரியத்தில் இருந்தவர், ஃபியூஸ் போனால் ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டு, உங்க ஆளுங்களை வந்து போடச் சொல்லேன் என்பார். உங்க ஆளுங்க என்றால் உலகத்துத் தத்துவவாதிகள் மொத்தப் பேரும். கல்யாணமான நாளிலிருந்து இதே கேலிதான், சலிக்கவே சலிக்காது மனுஷருக்கு. இவளும் விடமாட்டாள், வெளிச்சம் இல்லாட்டியும் எங்க ஆளுங்களுக்கு யோசிக்க வரும், உங்க ஆளுங்களால முடியுமா என்பாள். ஆனால் தனியாக இருக்கும்போது அந்தக் கேள்வி வந்து கதவைத் தட்டத்தான் செய்கிறது. என்னதான் செய்தார்கள் இவர்கள்? வீடு கட்டினவன் கொத்தன், வயலை உழுது சோறு போட்டவன் சம்சாரி, ரத்தத்தை நிறுத்துகிறவர் கிருபாவதி. இவர்கள் ஒரு ஓரமாக நின்று ஏன் என்று கேட்டார்கள். அதையும் எப்போதும் கேட்டார்களா? ராஜாவுக்குப் பக்கத்தில் மெத்தையில் உட்கார்ந்து, ராஜா செய்வதெல்லாம் தர்மம் என்று பக்கம் பக்கமாக நிரூபித்தவர்களும் இவர்கள்தானே. சிலர் பிறப்பிலேயே தாழ்ந்தவர்கள் என்று காரண காரியத்தோடு எழுதி வைத்த மகான்கள், பெண்ணுக்குப் புத்தி அரைக்கால்தான் என்று அளந்து சொன்ன மேதாவிகள், அவர்களும் இவளுடைய பாடத்தில்தான் வருகிறார்கள். அதை நடத்தும்போது அவளுக்கு வெட்கமாக இருக்கும், கோபமாகவும் இருக்கும். ஆனால் அவர்களைப் பிடித்துக் கேள்வி கேட்டவர்கள் யார் என்று பார்த்தால் அதுவும் இதே கூட்டத்து ஆட்கள்தான். ஒருத்தர் சொன்னதை அப்படியே விட்டுவிடாத ஒரு கூட்டம். அந்தக் காலத்தில் ஊர் வாசலில் கொடியை நட்டு வாதத்துக்கு வா என்று கூப்பிட்ட கூட்டம். ஒரு ஊருக்கு ஃபியூஸ் போடுகிறவன் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இவர்களும் வேண்டும் என்றுதான் அவளுக்குப் படுகிறது. ஃபியூஸ் போனால் உடனே தெரிகிறது, யாரோ ஒருத்தியைக் கேட்காமல் விட்டுவிட்டால் தெரிவதில்லை, அவ்வளவுதான். விளக்கெல்லாம் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

டாக்டர் பேசி முடித்து உட்கார்ந்தார். விதிப்படி இப்போது அவர் வெளியே போக வேண்டும், மற்றவர்கள் பேசி முடிவெடுக்க வேண்டும். ஆனால் அதற்குள் காபியும் கேக்கும் வந்துவிட்டன, காபி வந்தபின் ஒருத்தரை எழுந்து வெளியே போங்கள் என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கு வாய் வரும். தலைவர் சிவசைலம், வேறு கல்லூரியில் பெரிய டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சாது, சண்டை என்றால் அவருக்குப் பிரஷர் ஏறிவிடும், மருந்து பத்திரமானதுதானா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கேக்கைப் பிட்டார். வக்கீல் பிச்சையா சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது என்றார், அவசரத்தில் சொந்தக்காரர் சம்மதம் போதும், கோர்ட்டுக்குப் போனாலும் நிற்கும் என்றார். பொதுஜனம் என்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கும் பாத்திரக்கடை அண்ணாச்சி கணபதியா பிள்ளை கர்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, நம்ம வீடுகள்ல எப்பவும் பெரியவங்கதானே கையெழுத்துப் போடுதோம், பிள்ளைகளுக்கு என்ன தெரியும், அதுகளே பயந்துபோய்க் கெடக்கும் என்றார். நல்ல மனுஷர். வளைகாப்புக்கு எவர்சில்வர் குத்துவிளக்கு கொண்டுவந்து வைத்தவர். அவர் சொல்வதில் பொய் இல்லை. பிரியத்தில்தான் பெரியவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள், அதுதான் சிக்கலே. கெட்ட எண்ணத்தில் செய்தால் பிடித்துவிடலாம், பிரியத்தில் செய்வதை எங்கே பிடிப்பது. சொர்ணலதா காபியை எடுத்தாள், குடிக்காமலே கீழே வைத்துவிட்டாள். இப்போது கேட்பார். இதோ திரும்புகிறார்.

“மேடம், உங்க பக்கம்?”

எழுந்து நின்றாள். யாரும் இங்கே எழுந்து நின்று பேசுவதில்லை, அவளுக்கோ உட்கார்ந்து பேசினால் பேச்சே வராது, வகுப்புப் பழக்கம். அதைவிடப் பெரிய பழக்கம் ஒன்று உண்டு, அது அவள் தொழிலின் பழக்கம். எதிராளியை மறுக்க வேண்டுமானால் முதலில் எதிராளியின் பக்கத்தைச் சொல்ல வேண்டும், அதற்குப் பரபக்கம் என்று பெயர். ஏனோதானோவென்று சொல்லக்கூடாது, எதிராளியே கேட்டு, ஆமாம், என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாய் என்று தலையாட்ட வேண்டும், அதன்பிறகுதான் தன் பக்கத்தைச் சொல்ல உரிமை வரும். கண்ணால் காண்கிற உலகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்ற உலகாயதர்கள் எழுதினது அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை, அவர்களை மறுக்க வந்தவர்கள் தங்கள் ஏட்டில் அவர்கள் பக்கத்தை எழுதிவைத்ததால்தான் அப்படி ஒரு கூட்டம் இருந்ததே இன்றைக்குத் தெரிகிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குப் பெருமை தாங்காது, உலகத்தில் வேறு எந்தச் சண்டைக்காரன் எதிரியை இப்படிப் பத்திரப்படுத்தினான் என்பாள். அந்தப் பழக்கத்தில்தான் ஆரம்பித்தாள். மலைமேல் ஒரு பெண் பிள்ளை பெறுகிறாள், கரண்ட் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, ஜீப் வந்துசேர மூன்று மணி நேரம், அதற்குள் ரத்தம் நிற்காது, ஒரு டப்பாவில் இந்த மருந்து இருந்தால் அவள் பிழைப்பாள் என்றாள். ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது டாக்டர் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் அதுவே பாவம் என்றாள். வலியில் துடிக்கிறவளிடம் பேப்பரை நீட்டுவது மரியாதை இல்லை, அது ஒரு கொடுமை, அவள்மேல் பிரியமுள்ள ஒருத்தரிடம் கேட்பதுதான் மனிதத்தன்மை என்றாள். குரல் தெளிந்து வந்தது, ஒவ்வொரு வாக்கியமும் போய் இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்தது, கிருபாவதி டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆராய்ச்சி தள்ளிப்போகிற ஒவ்வொரு மாசமும் எங்கேயோ ஒருத்தி சாகலாம், அதையும் நாம் மறக்கக்கூடாது என்று பரபக்கத்தை முடித்தாள். முடித்துவிட்டு, வகுப்பில் செய்கிற மாதிரி மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு கணம் நிறுத்தினாள்.

நிறுத்தியதுதான் தப்பாகப் போயிற்று. அண்ணாச்சி கைதட்டினார். வக்கீலும் தட்டினார். சிவசைலம் முகமெல்லாம் மலர்ந்து, ரொம்ப அழகாச் சொன்னீங்க மேடம், இதுக்குமேல சொல்ல என்ன இருக்கு, அப்ப ஏகமனதா ஏத்துக்கிட்டதா எழுதிக்கிடுங்க என்று செயலாளரைப் பார்த்துச் சொல்லிவிட்டார். செயலாளர் எழுதிவிட்டார். நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம். கிருபாவதி டாக்டர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தார், அந்தக் கட்டை விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன, என்னோட மனசுல உள்ளத அப்படியே எடுத்துச் சொல்லிட்டீங்களே, நான் நாலு நாளா எழுதியும் எனக்கு வரல என்றார். கண் கலங்கியிருந்தது. வாங்க, சேர்ந்தே கீழ போவோம், சங்கரியை முதல்ல பாத்துடுதேன், பாவம் எவ்வளவு நேரமா உக்காந்திருக்கோ என்றார்.

சொர்ணலதா நின்ற இடத்தில் நின்றாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கடவுளே, இவர்கள் பாதியிலேயே போய்விட்டார்கள். என் பக்கம் இன்னும் வரவே இல்லை, இவர்களுக்கு அது தெரியவும் இல்லை. எந்த மடையனாவது வாதத்துக்கு நின்றுகொண்டு எதிராளிக்காக இப்படி உருகுவானா என்றுதான் நினைப்பார்கள், நியாயம்தானே. அப்புறம் மெதுவாக, வெந்நீர் காலில் படுகிற மாதிரி ஒரு நிம்மதி ஏறிற்று. நான் ஒன்றும் செய்யவில்லையே. பொய் சொல்லவில்லை, சொன்னதெல்லாம் நிஜம். அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். கை இன்னும் டாக்டர் கைக்குள் இருக்கிறது, இந்தக் கை என் பிள்ளையைப் பிடிக்கும், இறங்கின நஞ்சைப் பிடிக்கும், ராத்திரி போனை எடுக்கும். பேசாமல் படியிறங்கிவிடு சொர்ணம். உலகத்துக்கெல்லாம் நீயா பொறுப்பு. சங்கரிக்காக. ஒரே பிள்ளை, எத்தனை வருஷம் கழித்துத் தரித்தது, அவளுக்காக இந்த ஒரு தடவை வாயை மூடிக்கொள், யாரும் உன்னை ஒன்றும் சொல்லமாட்டார்கள், செல்லப்பாகூட நல்ல காரியம் பண்ணினே என்பார். சங்கரிக்காகத்தான். சங்கரிக்காக. அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் இடறினாள். சங்கரியைக் கேட்டாயா? கேட்கவில்லை. காலையில் ஆட்டோவில் ஒட்டி உட்கார்ந்துதானே வந்தாள், இன்றைக்குக் கூட்டத்தில் இப்படி ஒன்று இருக்கிறது, நான் இப்படிச் சொல்ல நினைக்கிறேன், சொல்லட்டுமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்கவில்லை. அவள் பயந்துவிடுவாள் என்று கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று கேட்கவில்லை. அண்ணாச்சி மாதிரியே. அவள் வயிறு, அவள் ரத்தம், அவள் உயிர், அதை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் அம்மா ஒரு கணக்குப் போடுகிறாள், அந்தப் பக்கம் டாக்டர் ஒரு கணக்குப் போடுகிறார், இரண்டு பேருக்கும் அவள்மேல் கொள்ளைப் பிரியம், அவளோ கீழே கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நர்ஸ் வந்து பேனாவை நீட்டவே இல்லை, பிரசவ அறை வாசலுக்குப் போகவும் இல்லை, அதற்குள் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இங்கேயே நின்றுகொண்டு, வாயை மூடிக்கொண்டு. அப்படி நினைத்ததும் கால் குளிர்ந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. காது மடல் சூடாயிற்று. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

“உக்காருங்க டாக்டர். தலைவர் சார், நீங்களும் உக்காருங்க. நான் இன்னும் முடிக்கல. இவ்வளவு நேரம் சொன்னது டாக்டரோட பக்கம். என் பக்கம் இனிமேதான்.”

சிவசைலம் அரை நாற்காலியில் தொங்கினார். ஏகமனதுன்னு எழுதியாச்சே மேடம் என்று செயலாளர் முனகினார், அடிச்சிருங்க தம்பி என்று சொர்ணலதா சொன்ன தொனியில் அவர் அடித்தேவிட்டார். சொர்ணலதா சொல்லத் தொடங்கினாள், இப்போது குரல் அழகாக இல்லை, நடுங்கியது, ஒரு இடத்தில் உடைந்தும் போயிற்று, அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. வலியில் இருக்கிறவளிடம் கேட்கமுடியாது என்பது வாஸ்தவம் என்றாள். ஆனால் வலி வருமுன் அவள் எத்தனை மாசம் இந்த வாசலில் வந்து வரிசையில் உட்காருகிறாள். எடை பார்க்கிறோம், பிரஷர் பார்க்கிறோம், வயிற்றை அமுக்கிப் பார்க்கிறோம், அப்போதெல்லாம் அவளுக்குக் காது கேட்கிறது, வாய் பேசுகிறது, சம்மதமா என்று அப்போது கேட்டால் என்ன. கேட்டவர்களில் சரி என்றவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், கேட்க வழியில்லாமல் கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பழைய மருந்தையே கொடுங்கள், அது கெடுதல் இல்லையே. வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார், கோர்ட்டில் நிற்கும் என்பது எனக்கும் தெரியும் சார், பிரசவ அறையில் நிற்குமா என்றுதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். இதனால் வேலை கூடும், ஆராய்ச்சி லேட்டாகும், தெரியும். அவளைக் கேட்காமல் செய்கிற நல்லது நல்லதாகவே இருக்கட்டும், அவளுடையது ஆகாது. இதை மாற்றாமல் நான் சம்மதம் தரமாட்டேன், வேறு ஆளை இந்த நாற்காலியில் போட்டாலும் நான் சொன்னது எழுத்தில் இருக்க வேண்டும் என்றாள். சொல்லி முடித்தபோது முதுகில் ஜாக்கெட் நனைந்து ஒட்டியிருந்தது, அந்த ஏசியிலும்.

கிருபாவதி டாக்டர் முகம் செக்கச்செவேலென்று ஆகியிருந்தது. கோபம்தான், வேறென்ன, சற்றுமுன் கண் கலங்கி நின்றவரை நாலு பேர் முன்னால் உட்காரவைத்துக் கேட்டால் யாருக்குத்தான் வராது. கேட்டுக் கேட்டுச் செய்தால் ஒன்றரை வருஷம் கூட ஆகும், கம்பெனிக்காரன் வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடுவான், மலையில இருக்கவளுக்கு யார் பதில் சொல்லுவா என்று பொரிந்தார். அவர் சொன்னதும் நியாயம், சொர்ணலதாவுக்கு அது சுருக்கென்று தைத்தது, தைக்கட்டும் என்று வாங்கிக்கொண்டாள். மலையில் இருக்கிறவளுக்கு என்ன வேண்டும் என்பதும் நம்மைவிட அவளுக்குத்தான் தெரியும் என்று மட்டும் சொன்னாள். டாக்டர் இரண்டு கைகளையும் மேசைமேல் ஊன்றி அவள் பக்கம் குனிந்தார்.

“மேடம், நேராவே ஒண்ணு கேக்கேன். நாளைக்கு உங்க சங்கரிக்கே ரத்தம் நிக்காமப் போகுதுன்னு வைங்க. நான் வெளிய ஓடிவந்து உங்ககிட்ட பேப்பரை நீட்டுதேன். நீங்க கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?”

அண்ணாச்சி ஐயோ என்றார் தனக்குள். சொர்ணலதாவுக்கு அந்தப் பெஞ்சு தெரிந்தது, ஃபினாயில் வாசனை வந்தது, கதவுக்கு உள்ளிருந்து வளையல் சத்தம் கேட்டது, பேனாவைப் பிடித்திருக்கும் தன் கையும் தெரிந்தது. போடுவேன், நிச்சயம் போடுவேன், அது அவளுக்குத் தெரியும். பொய் சொல்லப்போவதில்லை. ஆனால் பதில் சொல்லவேண்டியது இவள் இல்லை, கேள்வியே தவறான ஆளிடம் வந்திருக்கிறது.

“என்னைக் கேக்காதீங்க டாக்டர். சங்கரி கீழதான் உக்காந்திருக்கா. இப்ப அவளுக்கு வலி இல்ல. போய் அவகிட்ட கேளுங்க.”

“அவ சரின்னு சொல்லிட்டான்னா?”

“சரின்னு எழுதிக்கிடுங்க. வேண்டாம்னா வேண்டாம்னு எழுதிக்கிடுங்க. ரெண்டுலயும் நான் இல்ல.”

கிருபாவதி டாக்டர் அவளையே பார்த்தார். அப்புறம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கதவைத் திறந்துகொண்டு போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் இறங்கிப் போவது கேட்டது. சொர்ணலதாவுக்கு உடம்பு முழுக்க எழுந்து ஓடவேண்டும்போல இருந்தது, அவருக்கு முந்தி இறங்கிப் போய் மகளிடம், ஏட்டி இன்னது இன்னது, இப்படிச் சொல்லிரு என்று காதில் போட்டுவிட வேண்டும்போல இருந்தது, அவள் பயந்தால் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. என்ன சொல்லப்போகிறாளோ தெரியவில்லை. பெற்று வளர்த்து இத்தனை வருஷத்தில் அவள் ஒரு விஷயத்துக்கு என்ன சொல்வாள் என்று தெரியாமல் இருப்பது இதுதான் முதல் தடவை. போகவில்லை. இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.